மைக்கம்மா வீட்டில் முளைத்த படிக்கட்டு

மைக்கம்மா வீட்டுக் கூடத்தில் முதல் படி முளைத்தது ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்றரை மணிக்கு. ரேடியோவில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பீரோவுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் பலகை ஒன்று வெளியே வந்து, வந்த இடத்திலேயே நின்றுகொண்டது. மரப்பலகைதான். என்ன மரம் என்று தச்சரைக் கூட்டிவந்து கேட்டதற்கு, அவர் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "மரந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா வந்து சுவரில் ஆணி அடித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தாள். ஆணி இல்லை என்றதும் அவளுக்கு வேறு ஆட்சேபணை இல்லை. நாற்பது நாளில் பதின்மூன்று படி ஆயிற்று. பதின்மூன்றாவது படிக்கு மேலே கூரை இருந்தது. கூரைக்கு மேலே மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் மைக்கம்மா அந்தப் படியில் ஏறினால், வாசலைத் தாண்டுவதுபோலக் கூரையைத் தாண்டிப் போய்விடுவாள். அப்புறம் அவள் மேலே நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

மைக்கம்மா என்றால் பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். எந்த பஸ் எத்தனையாவது நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் பையைத் தொலைத்துவிட்டு அழுகிறார்கள், எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் அவள் ஒரு மூச்சு இழுப்பாள். அது ஒலிபெருக்கியில் நன்றாகவே கேட்கும். அந்த மூச்சு கேட்டதும் டீக்கடையில் இருப்பவர்கள்கூடப் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொள்வார்கள். பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே அவள் புருஷனுடைய தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை. அவரை ஊர் மிஷின்காரர் என்று கூப்பிட்டது. நல்ல மனுஷன், குடி கிடையாது, சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மச்சினன் கேலி செய்வான். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மிஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, பெடலை நாலு மிதி மிதிக்கச் சொல்வார். கோளாறு ஷட்டிலிலா ஊசிக்கம்பியிலா என்று அவ்வளவில் சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு இந்த ஊரில் ஈடு இல்லை. அதே காதுக்குப் பாட்டில் வார்த்தை என்று ஒன்று இருப்பது ஐம்பது வயதுவரை தெரியாது என்பதுதான் கொடுமை. கேட்டால் தாளம் சொல்வார், தபேலாவில் ஒரு பக்கம் தோல் தளர்ந்திருக்கிறது என்பார். பாட்டு எதைப் பற்றி என்று கேட்டால் விழிப்பார்.

அந்தப் பாட்டு அப்படியொன்றும் பிரமாதமான பாட்டு இல்லை. ரேடியோவில் நேரம் மிச்சமானால் போடுகிற பாட்டு. பல்லவி யாருக்கும் ஞாபகம் இல்லை. சரணம் இப்படிப் போகும்:

சொல்ல வந்தது ஒன்று, சொன்னது வேறு.
கேட்டிருப்பாய் நீ என்று கட்டினேன் ஒரு படி.
ஏறி வருவாய் என்று எண்ணிக்கொண்டேன்,
எண்ணத்தில் பாதி நீ ஏறிவிட்டாய்.

இதைத் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று ஊரில் பதினெட்டுப் பேராவது நம்பினார்கள். பல் டாக்டருக்குப் பாட்டு பிடித்துப்போன நாளிலிருந்து, யாரும் உட்காராத ஒரு நாற்காலி அவர் ஆஸ்பத்திரியில் எப்போதும் சூடாக இருந்தது. தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற அம்மாவின் வீட்டு வாசலில், காலையில் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும், சாயங்காலம் இருக்காது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, நாலு நாள் பேசினார்கள். ஐந்தாவது நாள் அவரவர் பாட்டை அவரவர் கேட்கப் போய்விட்டார்கள். படிக்கட்டு முளைத்தது மைக்கம்மாவுக்கு மட்டும்தான்.

படி எல்லாரையும் ஒரே மாதிரி தாங்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வண்டி சொல்லிக்கொடுக்கிற அவள் தம்பியை ஊரே எல் போர்டு என்றுதான் அழைக்கும். அவன் மூன்று படி ஏறினான், நாலாவதில் கால் உள்ளே போய்விட்டது. வண்டி கற்றுக்கொள்ள வந்துவிட்டு ரிவர்ஸ் எடுப்பதற்குள் வெளியூர் மாற்றலாகிப் போன ஒருத்தியை நினைத்துக்கொண்டு ஏறியதாகப் பிறகு ஒத்துக்கொண்டான். வீட்டுக்காரம்மா ஐந்து படி ஏறினாள். யாரை நினைத்து என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. மிஷின்காரர் முதல் படியில் கால் வைத்தார், புகையில் வைத்ததுபோல் பாதம் தரையைத் தொட்டது. மறுபடி வைத்தார், மறுபடி தரை. அவருடைய எண்ணெய்க் குப்பி படியில் நின்றது, ஸ்க்ரூ டிரைவர் நின்றது, சாமான் டப்பா நின்றது, அவர் கால் மட்டும் நிற்கவில்லை.

"லூஸ் எங்கயோ இருக்கு," என்றார். பதின்மூன்று படிக்கும் எட்டினவரை எண்ணெய் போட்டார். ஸ்க்ரூ டிரைவரைப் படியில் வைத்துக் காதில் அழுத்திக் கேட்டார். மேலே பெண்டாட்டி நடக்கிற சத்தம் தவிர ஒரு கோளாறும் கேட்கவில்லை. அன்று அவள் எண்ணெய் ஒட்டிய பாதத்தோடு இறங்கிவந்தாள். அவரையும் குப்பியையும் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று கேட்டாள். அவர் சரி என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரில் சொல்வார்கள். இந்தச் செவிடனுக்குத்தான் ஊரிலேயே நல்ல காது.

முதலில் அவள் வேலை முடிந்து பத்து நிமிஷம் மேலே போய்விட்டு வருவாள். அது ஒரு மணி நேரம் ஆயிற்று, பிறகு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. தலையணை மேலே போயிற்று. தண்ணீர்ச் சொம்பு போயிற்று. ஐப்பசி, கார்த்திகை என்று மாதம் போனதே தவிர, கீழே அவர்கள் இரண்டு பேரும் பேசியது ஒரு தாளின் ஒரு பக்கம்கூடத் தேறாது. ஒரு நாள் அவரே வாய் திறந்தார்.

"மேல என்னதான் இருக்கு?"

"ஒரு ரூம். ஒரு ஜன்னல். ரெண்டு நாற்காலி."

"ரெண்டா?"

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல ஒருத்தர் உக்காந்திருக்காரு. நான் சொல்றதையெல்லாம் கேக்கறாரு."

"யாரு அவன்?"

"நீங்கதான்," என்றாள்.

வேறு ஆளாக இருந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். தன் மேலேயே பொறாமைப்பட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? அவர் கடையில் மிஷின்கள் பூட்டிய வாயோடு கிடந்தன. எல் போர்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அக்கா ஒரு நாள் இறங்காமயே இருந்துடப் போறா. நேத்து லீவுக்கு எழுதிக் குடுத்திருக்கா. எத்தனை நாள்னு அதுல போடல." மிஷின்காரர் எழுந்து, கடையைச் சாத்தி, பாட்டு எழுதியவரின் விலாசத்தை ரேடியோ நிலையத்துக்கு போன் போட்டு வாங்கினார். கோளாறு தெரியாவிட்டால் செய்த கம்பெனியைக் கேட்பதுதான் தொழில் முறை. அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

மறுநாள் விடியுமுன் பஸ் ஏறினார், நாலு மணி நேரப் பயணம். பாட்டு எழுதியவர் லுங்கியோடு கதவைத் திறந்தார், ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மிஷின்காரர் உட்காராமலேயே அந்தச் சரணத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பாட்டு எழுதியவருக்கு அப்படி ஒரு பாட்டு எழுதியதே ஞாபகம் வரச் சற்று நேரம் பிடித்தது. "அதுவா! அன்னிக்கும் இதே பல்லு வலி. டியூனைக் குடுத்துட்டு அரை மணியில வேணும்னாங்க. மூணு எழுத்துல ஏதோ போட்டேன், டியூன்ல உக்காரல. படின்னேன், உக்காந்துச்சு. அவ்வளவுதான் சார்." அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய் ஏறினால் முதல் படிகூடத் தாங்காது என்று மிஷின்காரருக்கே தெரிந்தது. முகம் செத்துப்போய் நின்றவரைப் பார்த்து, பாட்டு எழுதியவர் இரக்கப்பட்டு ஒரு காபி கொடுத்தார். அப்படியே, வீட்டு மிஷின் ஒன்று நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறது, பார்க்க முடியுமா என்றார். பாபின் கேஸில் பிசிறு. தேய்த்துக் கொடுத்துவிட்டு மிஷின்காரர் அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

ஊர் பஸ் நிலையத்தில் அவர் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால். டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டுத்தான். பல்லவி முடிந்து, வாத்தியங்கள் முடிந்து, சரணத்துக்கு முன்னால் பாடுகிறவள் ஒரு மூச்சு இழுத்தாள். அதே நொடியில் ஒலிபெருக்கியில் மைக்கம்மா ஒரு மூச்சு இழுத்தாள். இரண்டும் ஒன்றாகக் கேட்டன, ஒரு மூச்சாக. மிஷின்காரரின் காது அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டது. பத்தொன்பது வருஷமாக வீட்டில் கேட்ட மூச்சு அது. சாப்பாடு எடுத்து வைக்கவா என்பதற்கு முன்னால், குடை எடுத்துக்கங்க என்பதற்கு முன்னால், ஒன்றுமில்லை என்பதற்கு முன்னால். ஒலிபெருக்கி ஏதோ ஒரு பஸ் புறப்படுவதைச் சொன்னது. ரேடியோ, சொல்ல வந்தது ஒன்று, சொன்னது வேறு என்றது. அவர் வாழ்க்கையில் முதல் முதலாகக் காதில் விழுந்த பாட்டு வரி அதுதான். கண்டக்டர், "பெரியவரே, வழியில நிக்காதீங்க," என்று கத்தினதும் அவருக்கு உறைக்கவில்லை.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அது. ஐந்து மாதம் வயிற்றில் இருந்தது நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ஆட்டோவில் கூட்டிவந்தார். அவள் வீட்டுக்குள் வந்து நடுக்கூடத்தில் நின்றாள், ஒரு மூச்சு இழுத்தாள், "குழாய் சொட்டுது," என்றாள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் குழாய் பார்த்தார். வாஷர் மாற்றினார். சொட்டுவது நின்றது. குழாயைச் சரிசெய்துவிட்ட நிம்மதியோடு படுத்துத் தூங்கினார். பதினாறு வருஷம் கழித்து, பஸ் நிலையத்தின் நடுவில், கையில் பையோடு நின்று மிஷின்காரர் வெகு நேரம் அழுதார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு ஓடினார். அவர் ஓடி ஊர் பார்த்ததில்லை.

அவர் வீடு வந்து சேர்வதற்குள், இரண்டு மணிக்கு மைக்கம்மாவின் வேலை நேரம் முடிந்து, அவள் வந்து மேலே போய்விட்டிருந்தாள். எல் போர்டு மூன்றாவது படியில், தன்னால் ஏற முடிந்த உயரத்தில், உட்கார்ந்திருந்தான். "மைக் ரூம் சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டா மாமா. ரேடியோவையும் மேல எடுத்துக்கிட்டுப் போயிட்டா." மிஷின்காரர் செருப்பை வாசலில் விட்டார், முதல் படியில் கால் வைத்தார். படி தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மச்சினன் காலை ஒடுக்கி வழிவிட்டான். பதின்மூன்றும் ஏறி, கூரையைத் தாண்டி, அவர் பார்வைக்கு மறைந்தார்.

மேலே நடந்ததில் நமக்குத் தெரிந்தது எல் போர்டு காதில் விழுந்த அளவுதான். முதலில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது, யாரோ எழுந்து இடம் விட்டார்கள். யாரோ உட்கார்ந்தார்கள். பிறகு அக்கா ஒரு மூச்சு இழுத்தாள்.

"குழாய் சொட்டுது," என்றாள்.

"தெரியும்," என்றது மாமாவின் குரல். "அதுக்கு என்ன பேரு நினைச்சு வெச்சிருந்தே?"

அதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று எல் போர்டு எழுந்து இறங்கிவிட்டான். இறங்கும்போது அவனுக்குப் பின்னால் இன்னொரு மாமா இறங்கிவந்தார். நாற்காலியில் இருந்தவர். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டார், அளவு சரியாக இருந்தது. பீரோ மேல் கிடந்த கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, முந்தின நாள் முதல் பூட்டிக் கிடந்த கடையைத் திறக்கப் போனார்.

மைக்கம்மா மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். லீவுக் கடிதத்தை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கடையில் இப்போது இரண்டு பேர் மாறி மாறி உட்காருகிறார்கள். பழுது பார்ப்பதில் இருவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாமவர் மட்டும் வாடிக்கையாளர் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல. கோளாறே இல்லாத மிஷின்களும் அவர் முறையில் வர ஆரம்பித்தன. தபால் ஆபீஸ் அம்மா ஒரே மிஷினை ஏழு தடவை தூக்கிவந்தாள். எல் போர்டு இருவரையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். படிக்கட்டுக்கு வீட்டுக்காரம்மா தன் செலவில் கைப்பிடி வைத்துக்கொடுத்தாள், ஐந்தாவது படி வரைக்கும்.

அடுத்த வருஷம் மக்கள்தொகை எடுக்க வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மிஷின்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் மூச்சு எதுவும் இழுக்கவில்லை. "நாலு," என்றாள். ஒவ்வொரு பேராகச் சொன்னாள். கடைசிப் பேருக்கு வயதைக் கேட்டபோது பதினாறு முடிந்து பதினேழு என்றாள். வந்தவர் படிக்கட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், நாலையும் எழுதிக்கொண்டார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.