கணேசமூர்த்தியின் எண்ணெய்ச்சட்டி

குளவி கொட்டிச் செத்த கணேசமூர்த்தியின் எண்ணெய்ச்சட்டி அன்றிலிருந்து இன்றுவரை ஆறவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பாதையில், தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில், அவன் ஒரு சின்ன லொறியின் பின்பக்கத்தில் அடுப்பு வைத்துக் கோழி பொரித்து விற்றுவந்தான். காரக் கொச்சிக்காயை விதையோடு அரைத்துப் பூசிய கோழி. தின்றவர்கள் அழுதுகொண்டே இன்னொரு துண்டு கேட்பார்கள். ஒரு மாசி மாதக் காலையில், எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் குளவிகள் கலைந்து இறங்கின. அங்கிருந்த மரத்துக் குளவிக்கூட்டை எடுத்துவிடும்படி அவர்கள் தோட்ட நிர்வாகத்தைக் கேட்டு ஒரு மழைக்காலமே போயிருந்தது. கணேசமூர்த்தி காஸை மூடிவிட்டு, லொறியின் தறப்பாளை உருவிக்கொண்டு ஓடி, மூன்று பெண்களை அதற்குள் தள்ளி மூடினான். நான்காவது ஆளுக்கு அதில் இடமில்லை.

அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் லொறியைக் கடந்தபோது சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. சிலிண்டரைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். எண்ணெய் கொதித்தது. மழை பெய்தது, துளி விழுந்தபோதெல்லாம் சட்டி சீறியது, அவ்வளவுதான். யாரும் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. அந்த வாரம் பேசுவதற்கு வேறு காரியங்கள் இருந்தன. அவனுடைய மனைவி ஜீவராணி இனி எப்படிப் பிழைப்பாள் என்பது அதில் முதலாவது. லொறி வாங்கிய அன்றே அவள் கொழுந்து பறிப்பதை விட்டவள். இனி எந்த விடியலிலும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடக் காத்திருக்க மாட்டேன் என்று சொன்னவள். லொறியை விற்றுவிட்டுத் தோட்டத்தில் மறுபடி பெயர் பதியச் சொன்னார் கணேசமூர்த்தியின் அண்ணன் வீரய்யா. கூட்டை விட்டுவைத்த அதே தோட்டத்தில்.

மூன்றாம் நாள் ஹட்டன் கோழிக்கடை நஸார், வழக்கம்போல வெட்டித் துப்புரவாக்கிய கோழியோடு வளைவில் வந்து நின்றார். சாவுக்காகப் பாதையோரம் கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் கண்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

“மன்னிச்சிக்கங்க தங்கச்சி, கைப்பழக்கத்துல வெட்டிட்டேன். திருப்பிக் கொண்டுபோறேன்.”

“எறக்குங்க நானா. வெட்டுனத எங்க கொண்டுபோறது?”

அவள் மசாலா பூசி முதல் துண்டைப் போட்டாள். அந்த மணம் தொழிலாளர் குடியிருந்த லயங்கள்வரை ஏறியது. வீரய்யா செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

“எழவு வீட்டுக்காரி எண்ணெச்சட்டி வைக்கலாமா? இன்னும் கருமாதி முடியல. ஊரு காறித் துப்பும் புள்ள!”

“நான் எங்க மச்சான் வச்சேன்? வச்சவரு போயிட்டாரு. எறக்கணும்னா நீங்களே எறக்குங்க.”

வீரய்யா சாக்கைச் சுற்றிக்கொண்டு சட்டியின் காதுகளைப் பிடித்தார். சாக்குக் கருகி, உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தன. கை எரிச்சலை மறக்க அதைவிடப் பெரிய எரிச்சல் வேண்டும் என்று சொல்லி ஒரு துண்டு வாங்கித் தின்றார். அதற்குப் பிறகு குடும்பத்தில் யாரும் கருமாதிக் கணக்குப் பேசவில்லை.

தோட்டத்துத் துரைதான் பேசினார். செத்தவன் தோட்டத்து ஆள் இல்லை, ஆகவே சாவு தோட்டத்தைச் சேர்ந்ததல்ல; வளைவு தோட்டத்தைச் சேர்ந்தது, ஆகவே லொறி போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பிறகு இழுத்துப்போக ட்ரக்டரும் வந்தது. அன்று தறப்பாளுக்குள் பிழைத்த நிஷாந்தியும் மற்ற இருவரும் மலையிலிருந்து இறங்கி, அதே தறப்பாளை ட்ரக்டருக்கு முன்னால் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்த எல்லாப் பெண்களும் கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

“எந்திரிங்கக்கா, தொர எனக்கு ஏசுவாரு,” என்றான் ட்ரக்டர் ஓட்டி.

“ஒனக்கு ஏசுவாரு, எங்களுக்குக் குளவி விடுவாரு. மொதல்ல ஒரு துண்டு தின்னு, அப்புறம் இழு,” என்றாள் நிஷாந்தி.

அவன் தின்றான். கண்ணீர் நிற்காததால் பாதை தெரியவில்லை என்று சொல்லி ட்ரக்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனான். பெண்கள் எழுந்திருக்கவில்லை. மலையில் கொழுந்து முற்றியது. தொழிற்சாலையில் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. கடைசியில் துரையே ஜீப்பில் இறங்கி வந்தார். சட்டியை ஆறவைத்து லொறியை டவுனுக்குக் கொண்டுபோனால், நாளைக்கே தோட்டத்தில் நிரந்தரமாகப் பெயர் பதிந்து தருவதாக ஜீவராணியிடம் தமிழிலேயே சொன்னார். அவள் கரண்டியால் கோழியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

“அந்தா அந்த மரத்தடியில நின்னு சொல்லுங்க தொர. நான் கேட்டுக்கிறேன்.”

துரை மலையைத் திரும்பிப் பார்த்தார். ஆள் செத்த பிறகும் கூடு அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் கூட்டை எடுக்க ஆள் வந்தது. ட்ரக்டரையும் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் எண்ணெய்க் கையைத் தறப்பாளில் துடைத்துவிட்டு மலையேறினார்கள்.

அதன்பின் அந்த வளைவில் மூடுபனி இறங்குவதில்லை. தை மாதத்து உறைபனியில் மலை முழுக்கக் கருகினாலும், லொறியைச் சுற்றியுள்ள தேயிலை மட்டும் பச்சையாக நிற்கும். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்து, எண்ணெய் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். துரைமார் மூன்று பேர் மாறினார்கள். நஸாருக்கு மூட்டுவலி வந்து, இப்போது அவர் மகள் ரிஸ்னா கோழி கொண்டுவருகிறாள். ஜீவராணி எந்தப் பெரட்டுக்கும் போகவில்லை. ஹட்டனிலிருந்து வரும் பஸ்காரர்கள் அந்த வளைவில், “எண்ணெச்சட்டி, எண்ணெச்சட்டி, எறங்குறவங்க முன்னுக்கு வாங்க” என்று கூவுகிறார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால், அது எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்கிறார்கள்.