றொய்சனை விழுத்தியவன்

எழுபத்துமூன்று வயதில், இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை செய்த பிறகு, இங்கிலாந்தில் கிண்ணம் வென்ற ரக்பி லீக் வீரன் ஒருவனை நான் தன்னந்தனியாக நிலத்தில் விழுத்தினேன். அவன் நூற்றுப்பத்துக் கிலோ. நான் குளிர்கால உடுப்போடு அறுபது.

றொய்சன் எங்கள் ஸ்காபரோப் பிள்ளை. அந்தக் கிண்ண ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஒரு நிமிடம் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தான். எழும்பி ஆடி வென்றான். ரொறன்ரோ திரும்பியதும் மண்டபம் பிடித்துப் பொன்னாடை போர்த்தினோம். பேச்சாளன் நான். அவன் மூச்சில்லாமல் கிடந்த ஒரு நிமிடத்தை இருபது நிமிடமாக்கினேன். "சிங்கம் விழாது" என்றேன். மண்டபமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் அவன் வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு எங்கள் அணிக்குக் கோச் ஆனான். ஆட்டக்காரர் பட்டியல் எழுதுவது என் வேலை. நாலு வருடத்தில் அவன் ஸ்கோரை மூன்று தரம் கேட்கத் தொடங்கினான்; ரூஜில் தன் வீட்டையே தவறவிட்டு, அடுத்த ஊர்களையும் தாண்டி விட்பி வரை கார் ஓட்டினான்.

"இன்னொரு அடி பட்டால் ஆள் மிஞ்சாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார் அங்கிள்" என்றாள் அவன் மனைவி நிரோஷினி.

அப்படியிருந்தும், எதிரணி பயப்படட்டும் என்று ஒவ்வொரு பட்டியலிலும் அவன் பெயரையும் எழுதிவைத்தேன். போன ஓகஸ்ட் இறுதியாட்டத்தில் ஒருவனுக்குக் கை முறிந்தது. மாற்றாள் இல்லை. றொய்சன் ஜேர்சியை மாட்டினான்.

"வேண்டாமடா."

"பட்டியலிலை பேர் கிடக்குத்தானே. சிங்கம் விழாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடினான். நாலு வருடமாக அவன் பெடியளுக்குக் கத்திய பாடம் எனக்கு மனப்பாடம்: கன்னத்தைத் துடையோடு ஒட்டு, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டு, விடாதே. பாய்ந்தேன். பின்பக்கமாகச் சரிந்து என் மேலேயே விழுந்தான். எங்கேயோ தூரத்து றிச்மண்ட் ஹில் கோவில் மணியும் அதிர்ந்திருக்கும். அவன் தலை என் வயிற்றில் பத்திரமாக இருந்தது. எனக்கு இரண்டு விலா எலும்பு போனது. ஓராள் குறைவாகப் பன்னிரண்டு பேரோடு ஆடித் தோற்றோம்.

பனி கொட்டிய மாரி முழுக்க, நான் விழுத்தியதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "புல் ஈரம் அங்கிள், வழுக்கினது." வழுக்கியதென்றால் அடுத்த பருவமும் இறங்கலாம் அல்லவா. நிரோஷினி ஜேர்சியை ஒளித்துவைத்தாள்.

சித்திரையில் புதுப் பட்டியலோடு போனேன். பட்டப்பகலில் திரைச்சீலை மூடிய அறையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தான். இன்று என்ன கிழமை என்று மூன்றாம் தரமும் கேட்டான், சொன்னேன்.

"உன்ரை பேரை எழுதட்டோ?"

குசினிக்குள் நிரோஷினி தண்ணீர்க் குழாயைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு மழையே அங்கிள்?"

"ரெண்டு கிழமையா மழை இல்லை. புல் கருகிக் கிடந்தது."

தன் இடது துடையைக் கையால் மெல்லத் தடவினான்.

"எழுதாதைங்கோ" என்றான். "கன்னம் இதிலைதான் ஒட்டினது. ரெண்டு காலையும் கட்டினீங்கள். வழுக்கேல்லை அங்கிள். நீங்கள்தான் விழுத்தினீங்கள்."