ஹெலனின் இரண்டு மாடுகள்

ஹெலனிடமிருந்து போன் வந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது. போட்ட காப்பி ஆறிப் போய்க்கொண்டிருக்க, ராஜலக்ஷ்மி ஹாலில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றபடியே இருந்தாள்.

"பெரிய ரூம் கிடைச்சிடுச்சு லக்ஷ்மி! சனிக்கிழமை என் மாடுகளைக் கொண்டு வந்துடு" என்று ஹெலன் சந்தோஷமாகத்தான் சொன்னாள். மாடுகளைக் கொண்டுபோகலாம். மாட்டின் நெற்றியில் இருப்பதை என்ன செய்வது?

ஹெலன் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். மான்மவுத் ஜங்ஷன் என்கிற அமெரிக்க ஊரில் இவர்களுக்கு அடுத்த வீடு. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், ராஜலக்ஷ்மிக்கு வலி எடுத்த அன்றைக்கு முழங்கால் மட்டும் பனி. கணவன் சேனாபதி ஆபீஸ் வேலையாக டெக்சாஸில் மாட்டிக்கொண்டிருந்தான். அறுபதைத் தாண்டிய ஹெலன் ஒற்றை ஆளாக டிரைவ்வேயில் பனியை வழித்துத் தள்ளி, இவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மகள் ரக்ஷாவை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். அப்புறம் இடுப்பு ஆபரேஷன் ஆகி, வயதானவர்கள் இருக்கும் விடுதிக்குப் போனாள். அங்கே கிடைத்த அறை சின்னது, படத்துக்குச் சுவர் இல்லை.

"தாத்தாவோட அப்பா ஹாலந்திலேருந்து கொண்டு வந்தது. சொந்தக்காரங்க கேட்டாங்க, குடுக்கலை. உன் வீட்ல இருக்கட்டும்" என்றாள். மூன்று வருஷமாக இங்கே இருந்தது.

நல்ல படம். ஆற்றங்கரை, அந்தப் பக்கம் நீல மலை, இடிந்துபோன ஒரு கல் வளைவு, எல்லாவற்றின் மேலும் தேனை ஊற்றியதுபோல் சாயங்கால வெயில். சிவப்புப் பாவாடைக்காரி ஒருத்தி கோவேறு கழுதைமேல் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று ஆடுகள். முன்னால் இரண்டு மாடுகள்: பழுப்பு மாடு நம்மைப் பார்த்து நிற்கிறது, வெள்ளை மாடு முதுகைக் காட்டி நிற்கிறது. காலேஜில் ஓவிய வரலாறு எடுத்திருந்த ரக்ஷா ஒருநாள் விளக்கினாள். "அம்மா, ஹாலந்து ஃபுல்லா ஃப்ளாட். இந்த மலை, இந்த லைட் எல்லாம் இத்தாலி. சில பெயின்டர்ஸ் இத்தாலி போனதேயில்ல, போயிட்டு வந்தவங்க பெயின்டிங்கைப் பார்த்தே போட்டாங்க."

"அப்போ மாடு?"

"மாடு மட்டும் அவங்க ஊரு."

ராஜலக்ஷ்மிக்கு அது பிடித்திருந்தது. எந்த ஊர் வெயிலில் நிறுத்தினாலும் மாடு மாடுதானே.

வினை அங்கேதான் பிடித்தது. மாட்டுப் பொங்கலுக்கு அந்த ஊரில் மாட்டுக்கு எங்கே போவது? தெரிந்தவர்கள் எல்லாம் உள்ளங்கை அகல வெள்ளி மாட்டுக்குப் பொட்டு வைப்பார்கள். இவள் வீட்டு ஹாலிலோ இவ்வளவு பெரிய மாடு நிற்கிறது. அதை விட்டுவிட்டு வெள்ளி மாட்டுக்கு வைக்க மனசு வருமா? மோதிர விரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம். மறுநாள் ஈரத்துணியால் பூப்போல ஒற்றி எடுத்துவிடுவாள். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷம் பண்டிகை புதன்கிழமை வந்தது. காலையில் அவசரமாக வைத்துவிட்டு லேப் வேலைக்கு ஓடினவள், துடைக்க மறந்தே போனாள். படத்துக்குக் கீழேயே ஹீட்டர். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது குங்குமம் அப்பிக் காய்ந்திருந்தது. பதற்றத்தில் ஈரத்துணியை அழுத்தித் தேய்த்தாள். சிவப்பும் போகவில்லை, சுற்றிலும் பால் தெளித்ததுபோல் வெள்ளை பூத்துவிட்டது.

"கண்ணாடி தொடைக்கிற ஸ்ப்ரே அடிச்சுப் பார்க்கலாமா ராஜி?" போன் வந்த அன்று சாயங்காலம் சேனாபதி பாட்டிலோடு வந்தான்.

"அப்பா, ஸ்டாப்! இட்ஸ் த்ரீ ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்ட்!" ரக்ஷா பாட்டிலைப் பிடுங்கினாள்.

"சரி, அப்ப எதுவும் சொல்லாம குடுத்துடுவோம். அவங்களுக்குக் கண்ணு அவ்வளவா தெரியாதுல்ல?"

"ஏங்க, அவங்க என்னை நம்பிக் குடுத்தது! அவங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் எப்படிங்க குடுப்பேன்?" என்றாள் ராஜலக்ஷ்மி. அந்தத் தெருவில் அவளுக்கென்று இருந்தது ஹெலன் ஒருத்திதான். அவள் முகம் திரும்பிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை. படத்தைப் புது அறையில் நாற்காலிமேல் சாய்த்து வைத்தார்கள். ராஜலக்ஷ்மி உட்காரக்கூட இல்லை. பொங்கல், பொட்டு, ஹீட்டர், ஈரத்துணி என்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு, பழுப்பு மாட்டின் நெற்றியைக் காட்டினாள்.

ஹெலன் பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, குனிந்து, மெள்ளப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணாடி பழுப்பு மாட்டைத் தாண்டி வெள்ளை மாட்டுக்கு வந்தது. வாலுக்குப் பக்கத்தில் நின்றது.

"இங்கேயும் ஒண்ணு இருக்கே?"

சேனாபதி சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங்கைப் பார்க்க ஆரம்பித்தான்.

"அது... மாட்டோட பின்பக்கத்துலதான் லக்ஷ்மி இருக்கான்னு எங்க நம்பிக்கை. அதனால அங்கேயும் வைப்போம்."

"லக்ஷ்மியா? நீயா?"

"நான் இல்ல ஹெலன், சாமி!"

ஹெலன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்தாள். "இதை ஏன் சொல்லலை? ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணை ஏன் மறைச்சே?"

அந்தக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. "வெக்கமா இருந்துச்சு. மாட்டோட பின்னாடியைக் கும்பிடறோம்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நீ இப்ப குடியிருக்கியே, அந்த இடமே எங்க அப்பாவோட பால் பண்ணை. தினம் விடியக்காலையில மாட்டு வயித்துல நெத்தியைச் சாய்ச்சுக்கிட்டுப் பால் கறந்து வளர்ந்தவ நான். வாலால எத்தனை அடி வாங்கியிருக்கேன்! என்கிட்ட உனக்கு மாட்டுப் பின்பக்கம் வெக்கமா?" அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் விரலை நீட்டினாள். "இனிமே என்கிட்ட பாதி சொல்லாதே."

"சொல்ல மாட்டேன். முழுசாவே சொல்றேன்." ராஜலக்ஷ்மி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

பழைய படங்களைச் சுத்தம் செய்கிற ஒருவரிடம் ஹெலனே காட்டினாள். கறை மேலே பூசிய வார்னிஷோடு நின்றுவிட்டது, வண்ணத்தில் இறங்கவில்லை என்றார் அவர். இரண்டு மாதத்தில் மாடுகள் இரண்டும் நெற்றி சுத்தமாக, வால் சுத்தமாகத் திரும்பி வந்தன. இந்தத் தடவை படத்துக்கு முன்னால் கண்ணாடியும் போட்டிருந்தது.

அடுத்த ஜனவரியில் ஹெலனே போன் செய்தாள். "மாட்டுக்கு நாள் என்னிக்கு? லீவு போட்டுட்டு வா."

ராஜலக்ஷ்மி சந்தனக் கிண்ணத்தோடு போனாள். ஹெலன் மேஜை விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியின்மேல் நெற்றிக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று.

"ஆடுங்களுக்குக் கிடையாதா?"

"ஆட்டுக்கும் வைக்கலாம்." விரலை மறுபடி கிண்ணத்தில் தொட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

கிளம்பும்போது துடைக்கிற துணியைப் பையில் எடுத்துவைக்கக் கை நீட்டினாள். ஹெலன் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில நான் தொடைச்சுக்கறேன். நீ மறந்துடுவே."