சுமையோடு திரும்பிய படகு

வயிற்றைப் பிடித்துக்கொண்டே என் புருஷன் ஜேபஸ் படகைத் திருப்பச் சொன்னபோது, மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எதிரே பாலம். அதைத் தாண்டினால் ஊர் ஆஸ்பத்திரி, அதன் புகைபோக்கிகூடத் தெரிகிறது. இவருக்கோ வந்த வழியே அரைநாள் திரும்பிப் போய், கால்வாயின் மேல்மதகில் இருக்கும் நர்ஸ் பார்ஜெட்டரைப் பார்க்க வேண்டுமாம்.

"ஆஸ்பத்திரி இதோ இருக்குய்யா. என் தோளைப் புடிச்சுக்கிட்டு நடந்து வா."

"எங்கம்மாவும் நடந்துதான் போனா. அவ தொப்பியையும் துணியையும் அடுப்புல போட்டு எரிச்சானுங்க. அவளைப் பெட்டியில வெச்சுத்தான் திருப்பிக் குடுத்தானுங்க. நான் வரல கெசியா. படகைத் திருப்பு."

படகுக்காரர் யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார்கள். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் அழுக்குக் கூட்டம். நாங்களும் செத்தாலும் அவர்கள் வாசலை மிதிப்பதில்லை. பார்ஜெட்டர் அம்மா வேறு மாதிரி. படகுக்குள்ளேயே வந்து, எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்துவிட்டு மருந்து கொடுப்பாள்.

எழுபதடிப் படகை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. அதற்கென்று கரையை முக்கோணமாகக் குடைந்து வைத்திருப்பார்கள். குடைவுக்குள் மூக்கை விட்டால் பின்பக்கத்தைக் காற்று தள்ளிச் சுற்றிவிடும். ஆனால் இந்தக் குடைவில் திரும்புவதெல்லாம் பாலத்தடித் துறையில் சரக்கை இறக்கிவிட்டு வரும் காலிப் படகுகள். நாங்களோ கீழே இருக்கும் காகித ஆலைக்கு விளிம்பு வரை கரி ஏற்றியிருந்தோம். சுமையோடு அங்கே யாரும் திரும்பியதில்லை.

"சேறு எவ்வளவு ஏறிக் கெடக்கோ, மாட்டிக்குவோம்யா."

"எனக்குத் தெரியாத குடைவா? திருப்புடி."

திருப்பினேன். பாதி சுற்றியதும் மூக்கு சேற்றில் புதைந்தது, வால் எதிர்க்கரையில் முட்டியது. குறுக்கே நின்றுவிட்டோம்.

பின்னால் ஒரு படகு வந்தது. ஜேபஸின் மாமன் மகன் ஈனாக்.

"என்ன மச்சான், கால்வாய்க்குக் குறுக்கே பாலம் போடறியா?" என்று சிரித்தவன், ஜேபஸின் முகத்தைப் பார்த்ததும் எங்கள் படகில் தாவி ஏறினான். "தங்கச்சி, இவன் பேச்சைக் கேக்காத. தூக்கிட்டுப் போயிடலாம்."

"தொட்டுப் பாருடா, கழியாலயே அடிப்பேன்" என்றார் ஜேபஸ். கழியைத் தூக்கும் தெம்புகூட அவருக்கு இல்லை.

வேறென்ன செய்வது? ஈனாக் கழி போட்டுத் தள்ளினான். பாரம் குறைந்தால் படகு எழும்பும் என்று நான் கரியைக் கரையில் வாரிக் கொட்டினேன். உள்ளங்கை பிய்ந்தது. இந்தப் பிடிவாதம் பிடித்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு என்னையே திட்டிக்கொண்டு அள்ளினேன். படகு ஒரு சாண்கூட அசையவில்லை.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கெசியா, வலி நின்னுடுச்சு. ஒரு டீ போடேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, இதுக்குப் போய் ஆஸ்பத்திரிங்கிற" என்று கேலி வேறு. ஈனாக்குக்கும் சேர்த்து டீ போட்டேன், சர்க்கரை தாராளமாக. மூன்று பேரும் குடித்தோம். இனி அவசரமில்லை, மெதுவாகத் தள்ளலாம் என்று பேசிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் அவர் குடித்த டீ முழுவதும் வாந்தியாக வந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு ஈரத் துணி மாதிரி சில்லிட்டிருந்தது. ஈனாக் பாலத்தை நோக்கி ஓடினான். ஊர்க்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நினைவில்லை.

"வலி நின்னுச்சுன்னா குடல்வால் வெடிச்சிருச்சுன்னு அர்த்தம்மா. அதுக்கு முன்னாடி கொண்டாந்திருக்கணும்" என்றார் டாக்டர். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் ஒரு நர்ஸ் என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். அவருடைய துணிகள். துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்திருந்தார்கள். நான் பூத்தையல் போட்டுக் கொடுத்த இடுப்பு வாரும் மேலே சுருட்டி வைத்திருந்தது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது?

படகுக்குப் போனேன். ராத்திரி மேல்மதகிலிருந்து தண்ணீர் விட்டிருந்தார்கள். மிதந்த படகைக் காற்று தானே சுற்றிவிட்டிருந்தது. ஈனாக் அதைக் கட்டிப்போட்டிருந்தான். மூக்கு மேல்மதகைப் பார்த்து நின்றது, ஜேபஸ் கேட்ட மாதிரியே.

கம்பெனி மேஸ்திரி கரையில் காத்திருந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கேள்விப்பட்டேம்மா, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஆலையில கரிக்கு நிக்கிறாங்க. படகை மறுபடி திருப்பணும். கரையில கெடக்குறதையும் அள்ளிப் போட்டுருங்க."

ஈனாக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தான். நான்தான் தடுத்தேன். படகு கம்பெனியுடையது, வேலை போனால் அதுவும் போகும். படகை விட்டால் எனக்கு வீடேது?

கரியைத் திரும்ப அள்ளிப் போட்டு, குடைவுக்குள் மூக்கை விட்டேன். தண்ணீர் நிறைய இருந்தது. காற்றும் சரியாக அடித்தது. நேற்று அந்த மனுஷன் கெஞ்சியபோது அசையாத படகு, அதே சுமையோடு, ஒரு டீ ஆறுவதற்குள் சுற்றி வந்து ஆஸ்பத்திரியைப் பார்த்து நின்றது.