கட்டைவிரலுக்குக் கீழே பாதி வாக்கியம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது என் சொந்தச் சரக்கில்லை. பேருந்து நிலைய பெஞ்சில் ஓர் ஓட்டுநர், ஆங்கில வாக்கியம் ஒன்றில் பாதியைக் கட்டைவிரலால் மறைத்து மீதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கதையைக் கறந்துவிட்டேன்.

2
இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவரின் இடுப்பு ஒருநாள்... (வேண்டாம். இடுப்பில் தொடங்கும் கதையை யார் படிப்பார்கள்?)

இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று.

காலை வாரியது ஒரே கேள்வி. வாக்கியத்தில் எந்தப் பகுதி தனித்து நிற்கும், எது இன்னொன்றைச் சார்ந்து நிற்கும்? பாதியை மறைத்து, மீதியைத் தமிழில் மனைவியிடம் சொல்லிப்பார்ப்பார். "அப்புறம்?" என்றால் சார்ந்தது. "சரி" என்றால் தனித்தது.

"மழை பெஞ்சதால..."

"அப்புறம்?"

"கிழவர் கதவத் திறந்தார்."

"அப்புறம்? வெளிய யாருங்க நின்னா?"

அந்த அம்மாளுக்கு எல்லாமே அப்புறம்தான். முதல் தேர்வு போயிற்று.

3
இரண்டாம் முறை மாமியாரைப் பிடித்தார். (இந்தப் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம். ஆனால் அவர் சத்தியம் செய்கிறார்.) மாமியார் எதைச் சொன்னாலும் "சரி மாப்ள" என்றார். அதுவும் போயிற்று.

பிறகு அதே மாமியார்தான் சொன்னார்: "அவ வாயப் பாக்காதீங்க மாப்ள. கையப் பாருங்க."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கிழவர் கதவத் திறந்தார்" என்றபோது வாய் கேள்வி கேட்டது, கை மடித்துக்கொண்டே இருந்தது. "மழை பெஞ்சதால" என்றதும் சட்டை பாதி மடிப்பில் அப்படியே நின்றது.

4
பெஞ்சில் அவர் சொன்னது இவ்வளவுதான். மூன்றாவது தேர்வு மறுநாள். அவர் தோற்பதாக ஒரு முடிவு எழுதினேன். மனசு கேட்கவில்லை, கிழித்துவிட்டேன்.

போன வாரம் டிப்போ அலுவலக ஜன்னலுக்குப் பின்னால், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். அப்பாடா! எனக்கே போன உயிர் திரும்பி வந்தது.

"பரிட்சைல அவ கையத்தான் சார் நெனச்சுக்கிட்டேன்" என்றார். "ரிசல்ட் வந்த அன்னிக்கு, 'நான் வந்து...'ன்னு இழுத்தேன். அவ கையில துண்டு அப்படியே நின்னுடுச்சு. 'பாஸாயிட்டேன்'னேன். அந்தத் துண்டுலயே மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதா. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, 'அப்புறம்?'னு கேட்டா. ஆனா கை மடிக்க ஆரம்பிச்சுடுச்சு."

நீங்களும் "அப்புறம்?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். நான் உங்கள் கையைத்தான் பார்ப்பேன்.