வாத்து ஏன் துள்ளியது

பல்லுக்காரர் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு விமானம் விழுந்து நொறுங்கும். கம்ப்யூட்டரில்தான். ஆனால் ஸ்பீக்கர் பெரியது, சத்தம் மாடிவரை போகும். மாடியில் குடியிருந்த அவருடைய அக்கா பாதிப் படி இறங்கி வந்து, "தம்பி, இன்னைக்கு எத்தனை பேரு போய்ச் சேந்தாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பி ஏறிவிடுவார்.

பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு பல் செட் செய்து கொடுப்பவர். முன்பல்லின் ஓரத்தில் ஒரு மயிரிழை தவறினாலும், போட்டுக்கொள்கிறவர் பேசும்போது விசில் வரும். அப்படிப்பட்ட வேலை. பகலெல்லாம் மெழுகில் பல் செதுக்கிய அந்தக் கண்ணும் கையும் இருட்டத் தொடங்கியதும் விமானத்தின் பக்கம் திரும்பும். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குள் யார் வேண்டுமானாலும் தாங்களே ஒரு விமானத்தைக் கட்டி விடலாம். இறக்கையிலிருந்து கதவுக் கைப்பிடிவரை எல்லாவற்றையும் திரையில் அளந்து, வரைந்து, வண்ணம் பூசி, எடை சொல்லி, இன்ஜின் வேகம் சொல்லி உயிர் கொடுக்க வேண்டும். எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் அதை எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். பிடித்தால் இரண்டு வார்த்தை பாராட்டுவார்கள். அவ்வளவுதான் கூலி.

கட்டுவதில் அவர் கெட்டிக்காரர். ஓட்டுவதில் படுமோசம். நிஜ விமானத்தில் பறந்ததே கிடையாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால் அவர் கட்டியது எல்லாம் அவர் கையாலேயே விழுந்தது.

அவருடைய மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். "கிளட்ச், கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் ஊரே அவரைக் கிளட்ச் அக்கா என்றது. கணவரின் விமானப் பைத்தியத்தைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இருக்கவில்லை. ஒருநாள் கற்றுக்கொள்ள வந்த ஓர் ஆடிட்டர், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, ஒரு காம்பவுண்டுச் சுவரைக் காரோடு போய்ப் பார்த்தார். ஆடிட்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கிளட்ச் அக்காவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. முதல் இரண்டு நாள் அலமாரிகளை இடது கையால் ஒழித்து அடுக்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம் கணவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தள்ளுங்க. நான் ஒரு தடவ பாக்கறேன்."

"கை?"

"இடது கை இருக்குல்ல?"

அன்று அவரும் விழுந்தார். மறுநாளும் விழுந்தார். ஆனால் இருபது வருஷமாக அடுத்தவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தவர் அவர். வண்டி என்ன நினைக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். ஒரு வாரத்தில் கணவர் கட்டிவைத்திருந்த விமானங்களை ஒவ்வொன்றாகப் பூப்போலத் தரையிறக்கத் தொடங்கினார். பல்லுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். தான் கட்டிய விமானம் முழுசாக இறங்கி, ஓடி, நிற்பதை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. மாடியிலிருந்து அக்கா கவலையோடு இறங்கி வந்து, "என்னப்பா, சத்தமே காணோம், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

ஒன்றே ஒன்றுதான் கிளட்ச் அக்காவுக்கு அடங்கவில்லை. அது வாத்து.

ஊருக்கு வெளியே இருந்த சின்ன விமானப் பயிற்சி கிளப்பில் மஞ்சள் நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று இருந்தது. தரையில் அசைந்து அசைந்து போகும் என்பதால் கிளப்பில் அதற்கு வாத்து என்று பெயர். பல்லுக்காரர் ஒருநாள் அனுமதி கேட்டுப் போய், அதன் மேலும் கீழும் உள்ளும் புறமும் படம் எடுத்து, டேப் வைத்து அளந்து வந்து, மாசக்கணக்கில் உட்கார்ந்து கட்டியது அது. இதுவரை கட்டியதில் அவருக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். வாத்து பறக்கும்போது சொன்னபடி கேட்டது. இறங்கும்போது மட்டும், தரை கிட்டத்தில் வந்ததும், திடீரென்று மேலே எகிறி, அப்புறம் தொப்பென்று விழுந்து துள்ளியது.

"வண்டில ஏதோ கோளாறு" என்றார் கிளட்ச் அக்கா.

"வண்டில ஒண்ணும் இல்ல. கடைசில மூக்க தூக்கறதுக்கு நீ ஜாய்ஸ்டிக்க ரொம்ப இழுக்கற."

"நான் இழுக்கறேனா?"

"மத்ததுல இழுக்கல. இதுல இழுக்கற."

"இத பாருங்க. என்கிட்ட கத்துக்க வர்ற அத்தனை பேரும் 'வண்டி சரியில்லக்கா'ன்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தர் சொன்னதையும் நான் நம்பினதில்ல. அந்த நானே இப்ப சொல்றேன்னா யோசிச்சுக்குங்க."

அவர் யோசிக்கவில்லை. ஆனால் வாத்தை எடுத்து ஓட்டிய வெளியாட்களும் அதையேதான் எழுதினார்கள். ஒருவர், "கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. ஆனால் இறக்கினால் ரப்பர் பந்து" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று பல்லுக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. சக்கரத்தின் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தார். எடையைக் கூட்டினார், குறைத்தார். இறக்கையை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினார். வாத்து துள்ளிக்கொண்டேதான் இருந்தது. அந்த யோசனையிலேயே ஒரு டாக்டருக்கு மேல்வரிசைப் பல்லுக்குப் பதிலாகக் கீழ்வரிசைப் பல்லைச் செய்து அனுப்பி, அதற்கும் திட்டு வாங்கினார்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம், கிளட்ச் அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "லேப்டாப்ப எடுத்துக்கிட்டு வாங்க. கிளப்புலயே கேட்டுருவோம். தப்பு என்மேலன்னா இனிமே அந்த ரூம் பக்கமே வரமாட்டேன்."

"சே, அதுக்காகவா சொன்னேன்?" என்று பதறிக்கொண்டே பல்லுக்காரர் செருப்பை மாட்டினார். தன் பக்கத்து நாற்காலி காலியாகிவிடுமோ என்ற பயம் அப்போதுதான் அவருக்கு வந்தது.

கிளப்பில் பயிற்சி கொடுப்பவரை எல்லாரும் கேப்டன் என்றார்கள். ஒல்லியான மனிதர், எந்நேரமும் ஒரு பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பார். அவருடைய மேல்வரிசைப் பற்கள் இடது பக்கம் தேய்ந்திருப்பதைப் பல்லுக்காரர் பார்த்த மாத்திரத்தில் குறித்துக்கொண்டார். தகரக் கூரைக்குக் கீழே, கிரீஸ் படிந்த மேஜையில் லேப்டாப்பை வைத்தார்கள். கேப்டன் உற்சாகமாக உட்கார்ந்தார்.

"அட, நம்ம வாத்தேதான்! கதவுல இருக்கற இந்தக் கீறல்கூட இருக்கு!"

ஏற்றினார், ஒரு வட்டமடித்தார், இறக்க வந்தார். வாத்து எகிறியது, விழுந்தது, துள்ளியது. பேனா மூடி கேப்டன் வாயிலிருந்து கீழே விழுந்தது. கிளட்ச் அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"நம்ம வாத்து இப்படிப் பண்ணாதே" என்று கேப்டன் தாடையைச் சொறிந்தார். "காத்தும் இன்னைக்கு நல்லாருக்கு. நிஜத்துல ஒரு சுத்து போய்ப் பாத்துடலாமா? ஒருத்தர் வரலாம்."

பல்லுக்காரர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார்.

"நான் வரேன்" என்றார் கிளட்ச் அக்கா.

வாத்து அசைந்து அசைந்து போய், ஓடி, எழும்பியது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லுக்காரர் நின்றார். அந்த இறக்கையை உடம்போடு பிணைத்திருந்த ஒவ்வோர் ஆணியையும் அவர் தன் கையால் திரையில் பொருத்தியவர். எத்தனை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ஆனால் அவை தாங்குமா என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தார். வால் பக்கம் இருந்த ஒரு பழைய ஒட்டு ஞாபகத்துக்கு வந்தது. அளந்தபோது எவ்வளவு ஆசையோடு அதைப் படம் எடுத்தோம் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள் பொட்டாகச் சுருங்கிப்போன வாத்தின் மேலிருந்து அவர் கண்ணை எடுக்கவேயில்லை. எடுத்தால் விழுந்துவிடும் என்பதுபோல.

விழவில்லை. நிதானமாகத் திரும்பி வந்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, சக்கரம் தரையில் பட்டதா இல்லையா என்று தெரியாதபடி இறங்கியது. இன்ஜின் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு கிளட்ச் அக்கா கத்தினார்.

"ஏங்க! கண்டுபிடிச்சுட்டேன்! மூக்கு!"

"மூக்குல என்ன? மூக்க மூணு தடவ அளந்தேனே!"

"மூக்கு சரி. உள்ள உக்காந்தா இதுல மூக்கு கண்ணு மட்டத்துக்கு வருது. முன்னாடி பாதி ரோடு தெரியவே மாட்டேங்குது. உங்களுதுல மூக்கு எங்கயோ கீழ கெடக்கு. கேப்டன் இறக்கும்போது மூக்க எது வரைக்கும் தூக்கறாருன்னு பாத்தேன். மத்த விமானத்துலயும் மூக்கு அந்த மட்டத்துக்கு வந்தாத்தான் இறங்கும். அதே பழக்கத்துல உங்களுதுல இழுத்தா, அது ரொம்ப ஓவரா இழுத்த மாதிரி. எகிறாம என்ன செய்யும்? நீங்க எங்கள எல்லாம் உசரத்துல உக்கார வெச்சிருக்கீங்க!"

பல்லுக்காரர் விழித்தார். "நான் உக்காந்து பாத்துத்தான கண்ணு மட்டத்த வெச்சேன்? அந்த எடத்துலேந்துதான் படமே எடுத்தேன்."

கேப்டன் சட்டென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து வாத்தின் இறக்கையிலேயே சாய்ந்துவிட்டார். "சார், நீங்க வந்த அன்னைக்கு சீட்டு ஏது? ரெண்டு சீட்டையும் தைக்கக் கொடுத்திருந்தோம். சீட்டைவிட உசரமான எங்க டூல்ஸ் பெட்டி மேலதான உக்காந்து படம் எடுத்தீங்க!"

பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கதவுக் கீறலைக்கூட விடாதவர் நாற்காலியைக் கோட்டை விட்டிருந்தார். அங்கேயே, கிரீஸ் மேஜையில் வைத்தே, அவர் லேப்டாப்பைத் திறந்து உள்ளே இருந்த இருக்கையையும் கண் மட்டத்தையும் இறக்கினார். கேப்டன் ஓட்டினார். வாத்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. கிளட்ச் அக்கா ஓட்டினார். இன்னும் நன்றாக இறங்கியது.

"அப்ப வண்டில தப்பு இல்லதானே?" என்றார் பல்லுக்காரர், காரில் திரும்பும்போது.

"நாற்காலி வண்டிலதான இருக்கு?"

"அது... சரி."

"வாய் தெறந்து சொல்லுங்க."

"வண்டிலதான் தப்பு. போதுமா?"

"இன்னொரு தடவ சொல்லுங்க, இந்த ஜன்னல எறக்கி விடறேன். ரோட்டுல போறவங்களும் கேக்கட்டும்."

வாத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். கட்டியவர் பெயருக்குக் கீழே, ஓட்டிப் பார்த்தவர் என்று இன்னொரு பெயரையும் பல்லுக்காரர் சேர்த்தார். ரப்பர் பந்து என்று எழுதிய ஆள், "இப்போது வெண்ணெய்" என்று எழுதினார். காற்று பலமாக இருக்கும் நாட்களில் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தக் கம்ப்யூட்டர் வாத்தில்தான் பழகினார்கள். கேப்டன் அடிக்கடி போன் செய்தார். ஒருநாள் கூசிக்கொண்டே தன் இடது பக்கப் பற்களைப் பற்றியும் விசாரித்தார். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அச்சு எடுக்கச் சொல்லி, பல்லுக்காரர் அந்தப் பற்களுக்கு உறை செய்து கொடுத்தார். பேனா மூடியை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பல் உறை பொருந்திய மகிழ்ச்சியில் கேப்டன் ஒருநாள் காலை அவரைக் கையோடு வாத்துக்குக் கூட்டிப் போனார். மறுக்க முடியவில்லை. கிளட்ச் அக்கா பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, "கண்ண மூடிக்கிட்டாலும் பரவால்ல, போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார்.

எழும்பும்வரை கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். தான் வரைந்த முள்ளும் கடிகாரமும் எல்லாம் அங்கங்கே அதனதன் இடத்தில் இருந்தன. அது தைரியம் கொடுத்தது. இன்னொரு கண்ணையும் திறந்தார். கீழே வீடுகள் அவர் மேஜையில் கிடக்கும் பல் வரிசைகள்போலச் சின்னச் சின்னதாக நெருங்கி நின்றன. மேகத்தின் நிழல் ஒன்று வயல்மேல் சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது. தலை சுற்றும் என்று காத்திருந்தார். சுற்றவில்லை. அல்லது சுற்றியதை அவர் கவனிக்கவில்லை.

இறங்கியதும் வாத்தின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். கிளட்ச் அக்கா தோளைக் கொடுத்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"ஒரு தடவ போதும்பா, சாமி."

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவும் மாடியிலிருந்து வந்து உட்கார்ந்து, வானத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, தட்டைப் பார்த்தபடியே பல்லுக்காரர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த ஞாயித்துக்கிழம காத்து எப்படி இருக்கும்னு பாத்தியா?"