விசாலாக்ஷி திட்டின மரம்

செம்பூரில் பஞ்சாபகேசன் வீட்டுக் கொல்லையில், வேலியை ஒட்டி ஒரு பாதாம் மரம் இருந்தது. அதை மரம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். வருஷத்தில் இரண்டு தடவை இலையைக் கொட்டும். மிச்ச நாளெல்லாம் பழத்தைக் கொட்டும். வௌவால்கள் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு, துணிக்கொடிக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டு கழியும். கிளைகள் யாரையும் கேட்காமல் எல்லாப் பக்கமும் போய், அடுத்த வீட்டுக் கொல்லையையே மறைத்துவிட்டன.

இந்த மரத்தை அவர் மனைவி விசாலாக்ஷி காலையிலும் சாயங்காலமும் தவறாமல் திட்டுவாள். "தடி மரமே, உன் குப்பையை அள்ளியே என் இடுப்பு ஒடியறது" என்று ஆரம்பித்தால், பாத்திரம் தேய்த்து முடிகிற வரை ஓயமாட்டாள். பஞ்சாபகேசன் கோட்டை என்கிற ஆபீஸ் பேட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஷவரம் செய்துகொண்டே இதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வார். பெண்டாட்டி படுகிற பாடு அவர் மனசை என்னவோ செய்தது.

அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். அவள் மரத்தைத் திட்டவே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி விஜயலக்ஷ்மி. நாலு வருஷத்துக்கு முன் அவள் இரவல் வாங்கிப்போன பித்தளைக் குடம் நசுங்கித் திரும்பி வந்தது. "வாங்கிண்டு போறச்சேயே அப்படித்தான் இருந்தது" என்றாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. புருஷன்மார்கள் இருவரும் தினமும் ஒரே ரயில் பெட்டியில் சீட்டாடிக்கொண்டு கோட்டைக்குப் போய் வந்தார்கள். குடம் என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர்கள் மரத்தோடு பேசினார்கள். முதலில் எல்லாம் ஜாடை வசவுதான். "சில பேருக்கு நாக்கு நீளம், மரமே." "சில பேருக்குக் குடம்தான் உசிரு, மரமே." எத்தனை நாள் வைவது? வசவு தீர்ந்துபோய்ச் சமாசாரம் வந்தது. ரேஷன் கடையில் கல் இல்லாத அரிசி வந்திருக்கிறது என்பதை மரம் உடனே தெரிந்துகொண்டது. விஜயலக்ஷ்மியின் பெரிய பிள்ளைக்கு ஜுரம் விட்டதும் மரத்துக்குத்தான் முதலில் தெரியும். போன மாசியில் கப்பற்படைக் கலகம் வந்து, ரயில் நின்று, இரண்டு வீட்டு ஆண்களும் கோட்டையில் மாட்டிக்கொண்ட சாயங்காலம், இருவரும் விளக்கேற்றக்கூட உள்ளே போகாமல் மரத்துக்கு மாறி மாறித் தைரியம் சொன்னார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரலை விட்டால் செம்பூரில் விசாலாக்ஷிக்குப் பேச நாதியில்லை. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மாட்டாள்.

வைகாசியில் ஒரு நாள் பஞ்சாபகேசன் லீவு போட்டுவிட்டு, கயிறும் ரம்பமுமாக இனாயத்துல்லா என்ற மரம்வெட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"விசாலம், இன்னியோட உன் கஷ்டம் தீர்ந்தது."

விசாலாக்ஷி கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "எதுக்கு இப்போ? நிழல் இருக்கே."

"நிழலா? நேத்திக்குக்கூடச் சனியனேன்னியே."

"சனியன்னா வெட்டிடணுமா?"

அதற்கு மேல் என்ன சொல்வாள்? விஜயலக்ஷ்மி முகத்தில் முழிக்கமாட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாயிற்றே. "பாதியை விடச் சொல்லுங்கோளேன்" என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள்.

"ஆதா நஹி, பாயி. ஆதா கிரேகா" என்றான் இனாயத்துல்லா. பாதி மரம் நின்றால் வீட்டின் மேல் சாயும் என்று கையைச் சாய்த்துக் காட்டினான்.

சாயங்காலத்துக்குள் அடிக்கட்டைதான் மிச்சம். கொல்லை முழுக்க வெளிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் விஜயலக்ஷ்மி தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பது பளிச்சென்று தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது. இருவரும் ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அப்புறம் சத்தமில்லை. விசாலாக்ஷி காக்காயிடம் பேசிப் பார்த்தாள், அது பறந்துவிட்டது. துவைக்கிற கல்லிடம் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. சாதம் குழைந்தது, குழம்பில் உப்பு இரட்டித்தது. பஞ்சாபகேசன் மோரை நிறைய விட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு, மரம் இருந்த இடத்தில் போய் நின்றார். "எத்தனை வெளிச்சம் பார்" என்றார். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் தெரிந்தது.

"மாமா, உங்காத்துக் கொல்லையிலே நாலு நாளாச் சத்தமே இல்லையே. யாருக்காவது உடம்பு சரியில்லையோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே, எல்லாரும் சௌக்..."

"நீங்க பேசாதேங்கோ" என்றாள் விசாலாக்ஷி. புளியும் சாம்பலும் ஒட்டிய கையோடு எழுந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தோளில் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்னா, உடம்புக்கு ஒண்ணுமில்லே. பேச்சுத்துணை இல்லாமத்தான் என்னவோ போலிருக்கு. குடம் கிடக்கு, பழங்குடம்."

அடுக்களைக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"மாமா, அது எங்காத்துக் கிணத்தடியிலே விழுந்துதான் நசுங்கித்து."

"எந்தக் குடம்?" என்று பஞ்சாபகேசன் திரும்பப் போனார்.

"திரும்பாதேங்கோ. மரம் மாதிரி நில்லுங்கோ."

அவர் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொல்லையில் ஒதுங்க நிழல் இல்லை. அவர்கள் இன்னும் ரேஷன் அரிசிக்கே வரவில்லை.